வர்ணத்தை அறுத்தெடுக்கும் தொழில்

கண்ணாடிக் கடைக்காரர் ‘ஷெல் பிரேம்’ என்று எடுத்து வைக்கும் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களில், நேரே பார்த்தால் கருப்பாகவும், பக்கவாட்டில் திருப்பினால் விளிம்பிலே மெல்லிய சிவப்புக் கோடாகவும், கன்னத்தைத் தொடும் உட்புறத்தில் பால் வெண்மையாகவும் தோன்றுகிற ஒன்றைக் கையிலெடுப்பவர்களில் பலர், அந்த வர்ணங்களை யாரோ தூரிகை கொண்டு தீட்டியிருப்பதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால், அசிட்டேட் என்ற பொருளால் செய்த நல்ல சட்டத்தில் பூச்சு என்பதே கிடையாது. வாலாஜாபாத்துக்கு அண்டையிலுள்ள காஞ்சிபுரத்தின் கோர்வைப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு வர்ண நூல்களாகவே நின்று தறியிலேயே பிணைக்கப்படுவதைப்போல, இங்கும் வெவ்வேறு வர்ணத் தகடுகள் முதலில் ஓருடலாக்கப்பட்டு, பிறகு வேண்டிய ஆழத்துக்குச் செதுக்கப்படுகின்றன.

அந்த உடலுக்கு மூலம் பஞ்சு என்பது பலருக்கு ஆச்சரியமாயிருக்கும். நூற்பதற்குரிய நீண்ட இழையைப் பிரித்தெடுத்த பின்னும் பருத்திக் கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் குறும்பஞ்சையோ, மரக்கூழையோ அசிட்டிக் வகை ரஸாயனங்களுடன் சேர்த்தால் கிடைக்கும் வஸ்துவே செல்லுலோஸ் அசிட்டேட். பிரெஞ்சு ரஸாயன நிபுணர் பால் ஷூட்ஸன்பெர்ஜர் 1865இல் இதை முதலில் உண்டாக்கினார். அதற்கு முன்னும் பின்னும் சட்டங்களுக்குப் பயன்பட்டவை, அழுங்காமையின் ஓடும், பொறி பட்டால் பற்றியெரியும் செல்லுலாய்டும். மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் அந்த ஆமை, நம் நாட்டில் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தால் காக்கப்படுகிறது. அதன் ஓட்டின் தேன்நிறத் திட்டுகளை ஒரு ஜீவனையும் வதைக்காமல் நமக்குத் தருவது அசிட்டேட்டே.

இந்தத் தகடுகளுக்கு உலகப் பிரசித்தி பெற்றது இத்தாலியின் காஸ்திலியோனே ஓலோனா என்ற ஊரிலுள்ள மட்ஸுக்கெல்லி நிறுவனம். சீப்பும் பொத்தானும் செய்யும் பட்டறையாக அது தோன்றியது 1849இல். அசிட்டேட் தூளுடன் இளக்கும் திரவத்தையும் கரைப்பானையும் கூட்டி மாவுபோலப் பிசைந்து, அழுக்கு நீங்க வடிகட்டி, வர்ணமேற்றி, உருளைகளுக்கிடையே தகடாக்குகிறார்கள். வெவ்வேறு வர்ணத் துண்டுகளை அச்சுக்குள் அடுக்கிச் சூட்டிலும் அழுத்தத்திலும் பாளமாக்கி, அதைச் சீவினால், ஒவ்வொரு சீவலிலும் சித்திரம் சற்றே மாறி வரும். அதன்பின் உள்ளே தங்கிய கரைப்பான் வெளியேறும்வரை தகடுகளை வாரக்கணக்கில் உலர வைக்கவேண்டும். இதில் அவசரப்பட்டால், முகத்தில் ஏறிய பிறகு சட்டம் சுருங்கிக் கோணும்.

அடுக்குத் தகடு செய்ய, இரண்டு மூன்று தகடுகளின் முகங்களைக் கரைப்பானால் நனைத்தோ, சூடேற்றியோ அழுத்திச் சேர்க்கிறார்கள். ஒரு தூசி, ஒரு காற்றுக் குமிழி இடையில் அகப்பட்டாலும் கண்ணில் குத்தும். நடுவில் வைக்கும் வர்ணம் சில சமயம் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியது. தொழிலின் சூக்ஷ்மமெல்லாம் அதில்தான் இருக்கிறது. கணினி இயந்திரம் கண்வட்டத்தை வெட்டி, லென்ஸ் உட்காரக் காடி எடுத்து, வெளி உருவத்தையும் அறுத்த பிறகு, விளிம்பைச் சாய்வாகச் சீவும் கத்தி மேலடுக்கைக் கடந்து எவ்வளவு இறங்குகிறதோ, அந்த அளவுக்கே சிவப்புக் கோடு அகலமாகும். வலப்புறம் ஒரு மயிரிழை ஆழம் கூடினால், இடக்கண்ணுக்கு மேல் நூலாக நிற்பது வலக்கண்ணுக்கு மேல் நாடாவாகிவிடும். அப்படிப்பட்ட சட்டத்தைத் தள்ளிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

காதோரக் கரங்களைச் சூட்டில் இளக்கி உள்ளே உலோகக் கம்பியைச் செலுத்துவதும், கீல் பதிப்பதும், முகப்பை வெப்பத்தில் வளைப்பதும் சீக்கிரம் முடிகிற வேலைகள். மெருகோ நாட்கணக்கில் நடப்பது. மரச்சில்லுகளும் மெருகுப் பொடியும் நிறைந்த பீப்பாய்களில், முரட்டுப் பொடியிலிருந்து நயமான பொடிக்கு மாற்றி மாற்றிச் சட்டங்களைச் சுழலவிடுகிறார்கள். கூர்மையெல்லாம் அங்கே உருண்டு போகும். அளவு கடந்து சுழன்றால் அருமையாக வெளிக்கொணர்ந்த வர்ணக் கோடும் தேய்ந்து போகுமாகையால், கடைசி மெருகைச் சுழலும் துணிச் சக்கரத்தில் கைதேர்ந்தவர் ஒருவரே பிடித்துக் கொடுக்கிறார்.

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் பஸ் ஏறும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் இத்தொழிலின் நினைவு எனக்கு வருகிறது. மோட்டார் உறுப்புகளைக் கணினிக் கடைசலில் துல்லியமாக அறுக்கப் பழகிய கைகளுக்குச் சட்டம் வெட்டுவது புதிய வித்தையன்று. ஓசூரில் கைக்கடிகாரம் செய்து பெயர் பெற்ற டைட்டன், 2007இல் மூக்குக்கண்ணாடித் துறையிலும் இறங்கியது. ஆகவே துல்லியத்தை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. தகட்டை உலரவிட்டுக் காத்திருக்கும் முதலாளியும், மெருகுச் சக்கரத்தின் முன் பல வருஷம் பழகிய தொழிலாளியும் நமக்கு வேண்டும். பயிற்சிப் பள்ளிகள் இயந்திர ஓட்டத்துக்கு ஒதுக்கும் காலத்தில் ஒரு பங்கையாவது கைமெருகுக்கு ஒதுக்கவேண்டுமென்பது என் அபிப்பிராயம்.