காலி செய்த வீடும் கைக்கு வராத பணமும்!

சாமான்கள் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. வீட்டைக் கழுவி, சாவியையும் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் குடியிருந்தவர் புறப்படவில்லை. வாசலிலேயே நிற்கிறார்.

"அட்வான்சு..." என்று இழுக்கிறார்.

"அதற்கு என்ன அவசரம்? வேறு ஒருவர் குடி வரட்டும். அவரிடம் வாங்கித் தந்துவிடுகிறேன்" என்கிறார் வீட்டுக்காரர்.

ஒரு மாதம் கழித்து வருகிறார். "வெள்ளை அடித்தேன். அதற்கே பாதி போய்விட்டது" என்று பதில் வருகிறது. அடுத்த மாதம் வந்தால், "குழாயை உடைத்துவிட்டுப் போயிருக்கிறீர்களே!" என்கிறார்.

பொங்கலுக்குப் பொங்கல் கொடுத்து வாங்கிய இரண்டு குடும்பங்கள். இன்று ஒருவரை ஒருவர் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

வாடகை வீடு உள்ள ஊரில் எல்லாம் நடக்கிற கதைதான் இது.

விக்கிரவாண்டி வழியாக...

சென்னையில் இருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இருப்பது விக்கிரவாண்டி. பண்ருட்டி, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்குப் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. பக்கத்தில் உள்ள முண்டியம்பாக்கத்தில் 2010-ம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது.

இப்படிப்பட்ட ஊருக்கு டாக்டர், நர்சு, அரசு ஊழியர், மாணவர் என்று பலர் வெளியூரில் இருந்து வருவார்கள். மாற்றல் உத்தரவு வந்தாலோ, படிப்பு முடிந்தாலோ, மூட்டை முடிச்சோடு கிளம்பவேண்டியவர்கள் அவர்கள்.

கிளம்புகிறவருக்குப் புதிய ஊரிலும் வீடு வேண்டும். அங்கேயும் அட்வான்சு கேட்பார்கள். இங்கே வரவேண்டிய பணம் வந்தால்தான், அங்கே கொடுக்கவேண்டியதைக் கொடுக்க முடியும். வராவிட்டால்? மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகும். சொந்தப் பணம் ஒருவர் கையில் இருக்க, கடனுக்கு வட்டி கட்டும் நிலை!

பணம் யாருடையது?

அட்வான்சு, வாடகை அல்ல. வீட்டுக்காரருக்கு வருமானமும் அல்ல. அது குடியிருப்பவரின் பணம். வாடகை பாக்கி விழுந்தாலோ, வீட்டுக்குச் சேதம் உண்டானாலோ ஈடு கட்டுவதற்காக, வீட்டுக்காரரிடம் கொடுத்து வைப்பது.

ஆனால் நடப்பது என்ன? பணம் வந்த மாதமே, மாடியில் ஒரு அறை கட்டவோ, மகளின் கல்யாணக் கடனை அடைக்கவோ போய்விடுகிறது. திருப்பிக் கேட்கும்போது வீட்டுக்காரர் கையில் இருப்பதில்லை. அவர் மோசக்காரர் என்பது இல்லை. செலவழித்துவிட்டார், அவ்வளவுதான்! அடுத்து வருகிறவரின் பணத்தை எதிர்பார்த்து அவரும் காத்திருக்கிறார்.

வீட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது. குடியிருந்தவர் இடையில் காலி செய்துவிட்டுப் போனால், பில் பிறகுதான் வரும். வாடகை பாக்கியை வைத்துவிட்டு, கதவின் தாழ்ப்பாளையும் உடைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

சட்டம் சொல்வது

1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு மாத வாடகையைத்தான் முன்பணமாக வாங்கலாம் என்றது. ஆனால் சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாக வாங்குவது வழக்கம் ஆயிற்று. சட்டம் ஒரு பக்கம், வழக்கம் ஒரு பக்கம்!

ஆந்திராவில் உள்ள கூடூரில் ஒரு ஓட்டல். அது வாடகை பாக்கி வைத்ததாகச் சொல்லி, கட்டிடத்தைக் காலி செய்யக் கேட்டு வழக்கு வந்தது. சுப்ரீம் கோர்ட்டு 1989-ல் தீர்ப்புக் கூறியது. சட்டம் அனுமதித்த அளவுக்கு மேல் வாங்கிய முன்பணம் கட்டிடக்காரர் கையிலேயே இருந்தது. ஆகவே ஓட்டல்காரரை, வேண்டும் என்றே பாக்கி வைத்தவராகக் கருத முடியாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. 1996-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலும் சுப்ரீம் கோர்ட்டு இதே வழியில் தீர்ப்பு அளித்தது.

அவை பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்புகள். அதை நம்பி, "அட்வான்சில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று இன்று வாடகையை நிறுத்துவது ஆபத்து. பாக்கி வைத்தால் வெளியேற்ற வழி உண்டு.

2017-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம், 22-2-2019 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பணத்துக்கு அது வகுத்த அளவு 3 மாத வாடகை. வீட்டை ஒப்படைத்தபின், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும்.

யார் எதைச் செய்வது என்பதற்கும் பட்டியல் இருக்கிறது. வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, மின்சார ஒயர்களைப் பராமரிப்பது ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயின் வாஷரை மாற்றுவது, சாக்கடை அடைப்பை எடுப்பது, சுவிட்சைச் சரி செய்வது ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு.

வெளிநாட்டில் எப்படி?

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1977-ல் ஒரு சட்டம் செய்தது. அதன்படி முன்பணத்தை ஒரு பொது வாரியத்தில் கட்டிவிட வேண்டும். இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், அரசு ஏற்றுக்கொண்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் முன்பணத்தை வீட்டுக்காரர் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் அபராதம்!

நம் ஊரில் பணம் வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. ஆகவே குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு, அவர் கையில் இருக்கும் காகிதம்தான்.

குடி போகும் நாளில்...

செய்யவேண்டியவை சிலதான்.

ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதவேண்டும். அட்வான்சு எவ்வளவு, எப்போது திரும்பும், எதற்குக் கழிக்கலாம் என்பது அதில் இருக்கவேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்யவேண்டும். பணத்தைப் பாங்கி மூலம் கொடுத்தால் அதுவே சாட்சி. ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது அவசியம். சுவர், குழாய், கதவு, மின்சார மீட்டர் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடலாம்.

காலி செய்யும்போது இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கவேண்டும். மீட்டர் கணக்கைக் குறித்துக்கொண்டு, அதுவரை ஆன மின்சாரத்துக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். கழிப்பது எதற்கு, எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்படியும் பணம் வராவிட்டால்? முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். சட்டத்தில் வாடகை அதிகாரி, வாடகை கோர்ட்டு, தீர்ப்பாயம் என்று மூன்று படிகள் உள்ளன. விழுப்புரத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசி முடித்தால் கோர்ட்டுக் கட்டணம் இல்லை. அந்த முடிவு கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம்.

"பழகியவர்தானே, எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பாரே" என்று முதல் நாளில் கூசுகிறவர்கள் பலர். வாசலில் நின்று, பேச வார்த்தை இல்லாமல் இழுப்பவர்களும் பிறகு அவர்களேதான். எழுதிக்கொண்டால் உறவு கெடாது. பணத்தையும் சாவியையும் ஒரே நாளில் மாற்றிக்கொண்டு, "போய் வருகிறோம்" என்று சிரித்துக்கொண்டே விடைபெறலாம்!