ஒரு விரல் தூரம்!

குட்டீஸ், எங்கே, ஒருமுறை கண்ணைச் சிமிட்டுங்கள் பார்க்கலாம்!

சிமிட்டிவிட்டீர்களா? அந்தக் கொஞ்ச நேரத்தைப் பத்துத் துண்டு போட்டால், ஒரு துண்டு எவ்வளவு இருக்கும்? ஏறத்தாழ அந்த ஒரு துண்டு நேரத்தில்தான், 1984ல் ஓர் ஒலிம்பிக் பதக்கம் நம் கையை விட்டுப் போனது. ஓடியவர் பி.டி.உஷா. அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருக்குப் பயிற்சி தந்த ஓ.எம்.நம்பியாரைத் தெரியுமா?

கேரளாவின் கோழிக்கோடு மாவட்டத்தைச் சேர்ந்தவர் நம்பியார். இவரும் தடகள வீரர்தான். இந்திய விமானப்படையில் பணியாற்றியபின் பயிற்சியாளர் ஆனார். 1976ல் கேரள அரசு, கண்ணூரில் மாணவிகளுக்காக விளையாட்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. படிப்பும் உண்டு, பயிற்சியும் உண்டு. அங்கே தடகளப் பயிற்சி அளித்தவர் நம்பியார்.

அதே ஆண்டு ஒரு பரிசளிப்பு விழாவில், ஒல்லியான ஒரு சிறுமி விறுவிறுவென நடந்து போவதைப் பார்த்தார். 'இந்தப் பெண் நன்றாக ஓடுவாள்' என்று அந்த நடையை வைத்தே கணித்தார்! அவள்தான் 12 வயது உஷா.

அன்றிலிருந்து பயிற்சிதான். இரண்டே ஆண்டுகளில், 1978ல் கொல்லத்தில் நடந்த ஜூனியர் போட்டியில் உஷா பதக்கங்களை அள்ளினார். 1980ல் 16 வயதிலேயே மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஓடினார். பய்யோலி கடற்கரை மணலிலும் பயிற்சி நடந்தது. மணலில் ஓடிப் பாருங்கள், கால் எவ்வளவு வலிக்கும் என்று தெரியும்!

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. மொத்தம் 10 தடைகள். உஷாவுக்கு இந்த ஓட்டத்தில் அனுபவம் குறைவு. ஆனாலும் குருவும் சிஷ்யையும் துணிந்து இறங்கினர்.

இறுதிப் போட்டி. உஷாவின் நேரம் 55.42 நொடி. மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41 நொடி. நூறில் ஒரு நொடியில் வெண்கலம் போய்விட்டது! தூரத்தில் சொன்னால் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். உங்கள் ஆள்காட்டி விரல் நீளம்தான்!

நம்பியார் அழுதுவிட்டார். பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்த நிமிடத்தை அவரால் மறக்க முடியவில்லை. ஆனால், 'அவ்வளவுதான்' என்று இருவரும் உட்கார்ந்துவிடவில்லை. மறுபடி மைதானத்துக்கு வந்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1985ல், ஜகார்த்தாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் உஷா வென்றது ஐந்து தங்கம்! 1986 சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு தங்கம்!

பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருதை மத்திய அரசு 1985ல் தொடங்கியது. முதல் ஆண்டே அதைப் பெற்றவர்களில் நம்பியாரும் ஒருவர். 2021ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 19ம் தேதி, 89 வயதில் அவர் மறைந்தார்.

அவர் கற்றுத் தந்தது மறையவில்லை, குட்டீஸ். 2002ல் உஷா தன் பெயரில் ஒரு தடகளப் பள்ளி தொடங்கினார். அங்கே பயின்ற டின்டு லூகா, 2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். குருவிடம் கற்றதை உஷா அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார், பார்த்தீர்களா?

நீங்கள் கள்ளக்குறிச்சியில் படித்தாலும் சரி, கல்வராயன் மலையில் படித்தாலும் சரி, உங்கள் பள்ளியிலும் விசிலோடு ஒரு பி.டி. சாரோ டீச்சரோ இருப்பார். நீங்கள் ஓடுவதை, ஏன், நடப்பதைக்கூட அவர் கவனித்துக்கொண்டிருக்கலாம்!

'இன்னும் ஒரு ரவுண்டு ஓடு' என்று அவர் சொன்னால் இனி முகம் சுளிக்காதீர்கள். அந்த ஒரு விரல் தூரத்தைத் தாண்டத்தான் அவர் சொல்கிறார்!