காசு கொடுத்துச் சும்மா இருந்தேன்!

போன மாதம் பெங்களூரு போனபோது, பணம் கட்டி ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு வந்தேன். 'சும்மா இருக்கக் காசா?' என்று முறைக்காதீர்கள். என் மனைவி ஏற்கெனவே முறைத்தாயிற்று.

ஆறு மாதமாக எனக்குத் தூக்கம் இல்லை. கணக்கு எழுதும் வேலையை விட்டுவிட்டுக் கட்டுரை எழுத வந்தவன். ராத்திரி இரண்டு மணிக்கு மூளை வரவு செலவு பார்க்க உட்கார்ந்துவிடும். வரவுப் பக்கம் காலி!

"டென்ஷன்டா. தொட்டியில மிதந்து பாரு" என்றான் பெங்களூரு நண்பன்.

இது ஜான் லில்லி என்ற அமெரிக்க டாக்டர் 1954-ல் ஆரம்பித்து வைத்த விவகாரம். கண், காது, தோல் எதற்கும் வேலை கொடுக்காவிட்டால் மூளை தூங்கிவிடுமா என்று பார்க்கத் தொட்டி கட்டினார். அப்போது முகமூடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மூழ்க வேண்டும். இப்போது அந்த அவஸ்தை இல்லை. சுமார் ஓர் அடித் தண்ணீர். அதில் அரை டன் எப்சம் உப்பு. அதாவது, நம் ஊர் பேதி உப்பு! நீச்சல் தெரியாத நானே கார்க் மாதிரி மிதந்தேன்.

குளித்து, காதை அடைத்து, கதவைச் சாத்தினால் கும்மிருட்டு. தண்ணீர் தோலின் சூட்டிலேயே இருப்பதால், உடம்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. அரிக்கிறதே என்று ஈரக் கையால் கன்னத்தைச் சொறிந்தேன். கண்ணில் உப்பு! ஐந்து நிமிஷம் அமெரிக்க டாக்டரைத் திட்டினேன்.

அப்புறம் 'தொம்... தொம்...' பக்கத்து ரூமில் யாரோ மாவு இடிக்கிறார்கள் என்று நினைத்தேன். என் இதயம்!

மூளை வழக்கம் போல நோட்டைத் திறந்தது. வீட்டுக் கடன், ஸ்கூல் ஃபீஸ், பால் பாக்கி... நாலு ரவுண்டு வந்ததும் அதற்கே அலுத்துப் போய்விட்டது. மிச்சம் ஒரே ஒரு பாக்கிதான் நின்றது. அப்பா.

மார்ச் மாதம். "ஒரு தடவை வந்துட்டுப் போயேன்டா" என்று போன் செய்தார். "கணக்கு முடிக்கிற நேரம்பா. ஏப்ரல்ல வரேன்" என்றேன். அப்பா ஏப்ரல் வரை இருக்கவில்லை. அதற்கப்புறம்தான் வேலையை விட்டேன். எல்லோரிடமும் 'போரடிச்சுது' என்றே சொல்லியிருந்தேன்.

அந்த அரை டன் உப்போடு இன்னும் கொஞ்சம் உப்பு சேர்ந்தது.

அமெரிக்காவில் டுல்ஸா நகரத்தில், பதற்றத்தால் அவதிப்பட்ட 50 பேரை இப்படி ஒரு மணி நேரம் மிதக்க விட்டிருக்கிறார்கள். வெளியே வந்தபோது பதற்றம் நன்றாகக் குறைந்திருந்ததாம். 2018-ல் வந்த ஆய்வு. ஆனால் அது ஒரு தடவை மிதந்ததன் கணக்கு. ஆயுளுக்கும் கியாரண்டி இல்லை.

என் கணக்கு? திரும்பும் பஸ்ஸில் தூங்கி, கண்டக்டர் எழுப்பித்தான் இறங்கினேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஞாயித்துக்கிழமை அத்தையைப் பார்க்கப் போகலாம். டிக்கெட் போடுங்க" என்றாள். அப்புறம் சேர்த்துக்கொண்டாள்:

"இனிமே சும்மா இருக்கணும்னா, அந்தக் காசை என்கிட்ட கொடுங்க. ஒரு மணி நேரம் நான் பேசாம இருக்கேன்!"