ஆளும் குறைந்தது, விமானமும் குறைந்தது

வேலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அரசுப் பள்ளி மைதானம். விடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. சுண்ணாம்புக் கோடு போட்ட வட்டத்தில் இருபது, இருபத்தைந்து பையன்கள் ஓடுகிறார்கள். நான்கு சுற்று ஓடினால் 1,600 மீட்டர். ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் அந்த ஓட்டத்துக்கு முழு மதிப்பெண். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் இரும்புக் கம்பியில் தொங்கிப் பத்து முறை உடம்பை மேலே தூக்க வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் 9 அடி அகலத்துக்குப் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்கள், தாண்டிப் பழக.

நடுவில் விசிலும் ஸ்டாப்வாட்சுமாக நிற்பவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். 24 வருடம் ராணுவத்தின் இயந்திரப் பராமரிப்புப் பிரிவான இஎம்இ-யில் மெக்கானிக்காக இருந்தவர். காசு வாங்காமல் பயிற்சி கொடுக்கிறார். இந்தப் பக்கத்தில் அது புதிதல்ல. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடும் வட்டாரம் இது.

ஓடி முடித்த ஒரு பையன் அவரிடம் கேட்டான். "சார், நாலு வருசம் கழிச்சு நூத்துக்கு இருபத்தஞ்சு பேரைத்தான வச்சுக்குவாங்க? அதுல நான் வருவேனா?"

"மொதல்ல அஞ்சரை நிமிசத்துல வாடா. அதை அப்புறம் பார்ப்போம்" என்றார். பையன் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒரு இன்ஜினைத் தனியா என் கையில நம்பிக் குடுக்கறதுக்கு எங்க சுபேதாருக்கு ஆறு வருசம் ஆச்சு சார். இவனுங்க அதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவானுங்க."

இந்தியப் பாதுகாப்புச் செலவு பற்றி ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கும் விவாதங்களைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். அந்த ஹவில்தார் இரண்டு வரியில் சொன்னதைத் தொட்டுப் பேசியவர்கள் குறைவு.

முதலில் கணக்கு. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். அதை நூறு ரூபாயாக வைத்துக்கொண்டால், விமானம், கப்பல், பீரங்கி என்று புதிதாக வாங்கும் மூலதனச் செலவுக்கு 26 ரூபாய். ஓய்வூதியத்துக்கு ஏறக்குறைய 24 ரூபாய். மீதியில் பெரும்பகுதி சம்பளம், எரிபொருள், குண்டு, பழுதுபார்ப்பு என்று அன்றாடத்துக்குப் போகிறது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் நிலைமை இதைவிட மோசம். 2020-21-ல் ஓய்வூதியத்துக்கு 1.34 லட்சம் கோடி, முப்படைகளின் மூலதனச் செலவுக்கு 1.13 லட்சம் கோடி. வாங்கப்போகும் ஆயுதத்தைவிட வீட்டுக்குப் போனவர்களுக்கான தொகை பெரிதாக இருந்தது.

இந்த எண்களைக் காட்டி, பென்ஷன்தான் படையைத் தின்கிறது என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு சிப்பாய் 35 முதல் 40 வயதுக்குள் வெளியே வந்துவிடுகிறார். அரசு அலுவலகத்தில் அவரோடு படித்தவர் 60 வரை சம்பளமும் பதவி உயர்வும் வாங்குகிறார். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போதே வேலை முடிந்துபோனவருக்குக் கொடுக்கும் பென்ஷன், அவர் உழைத்ததற்குத் தள்ளிவைத்துத் தந்த கூலி. 2015-ல் ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு முதியவர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் உட்கார்ந்தது பேராசையால் அல்ல. இன்று பாதுகாப்புத் துறை ஓய்வூதியர்கள் 34 லட்சத்துக்கும் மேல். அவர்களுக்குக் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.

ஆனால் இவ்வளவு பேர் இவ்வளவு இளம் வயதில் பென்ஷனுக்கு வருவார்கள் என்பது தெரிந்தே வகுத்த கொள்கையின் விளைவு. 1976 முதல் ஒரு வீரர் தொடர்ந்து 17 ஆண்டு படையில் இருக்க வேண்டும் என்றானது. மலையேறிச் சண்டையிட வேண்டிய வயதைக் கடந்தவர் படையில் இருப்பார். வேறு வேலைக்குப் போகும் வயதையும் கடந்து வெளியே வருவார். இதைச் சரிசெய்ய ஒரு வழி 25 ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் வந்தது. எழுதிய குழுவின் தலைவர் திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த கே. சுப்பிரமணியம். கார்கில் போருக்குப் பின் அமைத்த ஆய்வுக் குழு அது. 17 ஆண்டை ஏழு முதல் பத்து ஆண்டாகக் குறையுங்கள், அதன் பிறகு அந்த வீரர்களைத் துணை ராணுவப் படைகளுக்கு மாற்றுங்கள் என்றது. படை இளமையாக இருக்கும், எல்லைப் பாதுகாப்புப் படைக்குப் பயிற்சி பெற்ற ஆள் கிடைக்கும், வீரருக்கு 60 வயதை ஒட்டி வேலை இருக்கும், அரசுக்குப் பென்ஷன் பாரம் தள்ளிப்போகும். நான்கு பேருக்கும் நல்லது. துணை ராணுவப் படைகள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கின்றன. தங்கள் ஆளைத் தாங்களே எடுக்க விரும்பின. அந்தப் பரிந்துரை அப்படியே நின்றுபோனது. இந்திய ராணுவ நிர்வாகத்தில் கோட்டைவிட்ட வாய்ப்புகளில் இதைவிடப் பெரியதாக எனக்கு ஒன்று தோன்றவில்லை.

ஆளைக் குறைத்து ஆயுதம் வாங்கும் முயற்சியும் புதிதல்ல. 1998-ல் தளபதி வி.பி. மாலிக் 50 ஆயிரம் பணியிடங்களை நிரப்பாமல் நிறுத்தினார். மிச்சமாகும் பணம் ராணுவத்தை நவீனப்படுத்தத் திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பில் செய்தது. மறு ஆண்டு மே மாதம் கார்கில். கையில் இருப்பதை வைத்துச் சண்டை போட வேண்டிய நிலை. போர் முடிந்த சில வாரங்களில் லே நகரில் 14-வது கோர் என்ற புதிய படையமைப்பே தொடங்க வேண்டியதாயிற்று. குறைத்த ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

எதிர்ப்பக்கத்துத் தவறையும் செய்தோம். 2013-ல் சீன எல்லைக்கென்று மலைப் போர்த் தாக்குதல் கோர் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஏறத்தாழ 90 ஆயிரம் வீரர்கள், 64 ஆயிரம் கோடி ரூபாய் திட்டம். ஆள் எடுக்கத் தொடங்கினார்கள், தளவாடத்துக்குப் பணம் வரவில்லை. இரண்டாவது டிவிஷன் பாதியில் நின்றது. 2018 மார்ச்சில் அப்போதைய துணைத் தளபதி சரத் சந்த் நாடாளுமன்றக் குழுவிடம் ஒரு கணக்கைச் சொன்னார். ராணுவத்தின் தளவாடங்களில் 68 சதவீதம் பழைய தலைமுறையைச் சேர்ந்தவை, நடப்புத் தலைமுறை 24 சதவீதம், அதிநவீனம் என்று சொல்லத்தக்கது 8 சதவீதம்தான். ஒரு படையின் உயர் அதிகாரி இதை வாய்திறந்து சொல்வதற்கு எவ்வளவு மனக்கஷ்டம் இருந்திருக்கும்!

உண்மையாகவே நன்றாக நடந்த ஆட்குறைப்பும் ஒன்று உண்டு. பாதுகாப்புச் செலவைச் சீரமைக்க வழி சொல்ல அரசு அமைத்த ஷெகட்கர் குழு 2016-ல் கொடுத்த அறிக்கையின்படி 57 ஆயிரம் பணியிடங்களை மாற்றியமைக்க அரசு மறு ஆண்டு ஒப்புக்கொண்டது. தபால் பிரிவு, பழைய பணிமனைகள், கிடங்குகள், எல்லாவற்றுக்கும் மேலாக மாட்டுப்பண்ணைகள். வீரர்களுக்குப் பால் கொடுக்க 1889-ல் அலகாபாத்தில் ஆங்கிலேயர் தொடங்கிய பண்ணை, பெருகி நாடு முழுக்க 39 ஆக இருந்தது. பால் பாக்கெட் ஊருக்கு ஊர் வந்த பிறகும் நடந்துகொண்டிருந்தது. 2021 மார்ச்சில் மூடினார்கள். சண்டைக்குச் சம்பந்தமில்லாத வாலைக் குறைத்தால் பல் கூர்மையாக இருக்கும். கத்தி வைக்க வேண்டிய இடம் அதுதான்.

பிறகு 2020 வந்தது. கொரோனாவால் ராணுவ ஆள்சேர்ப்பு நின்றது. 2019-20-ல் 80 ஆயிரத்துக்கும் மேல் சேர்த்த படை, அடுத்த இரண்டு ஆண்டுகளும் சேர்க்கவில்லை. ஓய்வு மட்டும் நிற்கவில்லை. ஆண்டுக்குச் சுமார் 60 ஆயிரம் பேர் போய்க்கொண்டே இருந்தார்கள். உடல் தகுதியிலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறி, எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்த பையன்கள் வயது வரம்பைத் தாண்டினார்கள். 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் என்ற புதிய ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தது. நான்கு ஆண்டுப் பணி, மாதம் 30 ஆயிரத்தில் தொடங்கி 40 ஆயிரம் வரை, முடிவில் 11.71 லட்சம், பென்ஷன் கிடையாது, நூற்றுக்கு 25 பேருக்கு மட்டும் நிரந்தரப் பணி. காத்திருந்தவர்களின் பழைய தேர்வு ரத்து. அந்த ஜூனில் சென்னைப் போர் நினைவுச் சின்னம் அருகே திரண்டவர்களில் அப்படிக் காத்திருந்த பையன்கள் இருந்தார்கள். அவர்களிடம் அரசு ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

அக்னிபத்தைப் பணக் கணக்காக மட்டும் பார்த்தாலும் ஒரு விஷயம் இடிக்கிறது. 2022-ல் பழைய முறையில் சேர்ந்திருந்தால் ஒரு வீரர் 2039 வாக்கில்தான் பென்ஷனுக்கு வந்திருப்பார். அதுவரை ஓய்வு பெறப்போகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். எனவே பென்ஷன் செலவில் பெரிய மிச்சம் கண்ணுக்குத் தெரிய இன்னும் பதினைந்து வருடம் ஆகலாம். விமானம் வாங்கப் பணம் தேவைப்படுவதோ இன்றைக்கு.

அந்த விமானக் கதைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு விடைகொடுத்தார்கள். 1963-ல் வந்தவை. 62 வருடம். அவை போனதும் விமானப் படையிடம் மிஞ்சியது 29 ஸ்குவாட்ரன். இருக்க வேண்டியது 42. மிக் ரகங்கள் ஓய்வு பெறப்போவது எல்லோருக்கும் பல ஆண்டுகளாகத் தெரியும். 126 நடுத்தர ரகப் போர் விமானங்கள் வாங்க 2007-ல் டெண்டர் விட்டு, எட்டு ஆண்டு இழுத்து, கடைசியில் 36 ரஃபேலோடு நின்றது. கோவை சூலூரில் 2020-ல் இரண்டாவது தேஜஸ் ஸ்குவாட்ரன் தொடங்கியபோது நானும் பெருமைப்பட்டேன். மறு ஆண்டு 83 மேம்பட்ட தேஜஸுக்கு ஒப்பந்தம். 2024 மார்ச்சில் வரத் தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்க இன்ஜினே 2025 மார்ச்சில்தான் வந்து இறங்கத் தொடங்கியது. விமானப் படைத் தளபதி ஏ.பி. சிங், தனக்குத் தெரிந்து ஒரு திட்டம்கூடக் குறித்த நேரத்தில் முடிந்ததில்லை என்று அந்த மே மாதம் மேடையில் வெளிப்படையாகச் சொன்னார்.

சுருங்கும் படை ஒரு பேரம் பேசுகிறது. "நான் ஆளைக் குறைத்துக்கொள்கிறேன், எனக்கு நல்ல கருவி கொடு" என்பதுதான் அந்தப் பேரம். நாம் ஆளைக் கொடுத்துவிட்டோம். கருவி இன்னும் வரவில்லை. பத்து வீரர் காவல் காத்த இடத்தை ஒரு ட்ரோனும் ஒரு ரேடாரும் பார்த்துக்கொள்ளும் என்றால், ட்ரோன் வந்து இறங்கிய பிறகு பத்து பேரை அனுப்ப வேண்டும். முன்னால் அனுப்பினால் அந்த இடத்தில் மீதி இருப்பவன் இரண்டு மடங்கு நேரம் விழித்திருப்பான். லீவு கிடைக்காது. அந்தச் செலவு எந்தப் பட்ஜெட்டிலும் வராது, அவன் வீட்டில் வரும்.

கருவி வந்தாலும் அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். விமானப் படையில் 2015-ல் 486 ஆக இருந்த விமானிகள் பற்றாக்குறை 2021 முடிவில் 596 ஆக உயர்ந்தது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொல்கிறது. பயிற்சிக்கு வைத்திருந்த 64 பிலாட்டஸ் விமானங்களில் 16-ல் இன்ஜின் ஆயில் கசிந்ததையும் அதே அறிக்கை பதிவு செய்திருக்கிறது. விமானியை உருவாக்க வருடங்கள் ஆகும். அவருடைய விமானத்தின் ஒயரைப் பிரித்துக் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் டெக்னீஷியனை உருவாக்கவும் வருடங்கள் ஆகும். விமானத்தை அவசரத்துக்கு இன்னொரு நாட்டிலிருந்து வாங்கிவிடலாம். பத்து வருடக் கைப்பழக்கத்தை எந்த நாட்டிலும் விற்க மாட்டார்கள்.

இது தெரியாதவர்கள் அல்ல டெல்லியில் இருப்பவர்கள். 2020-ல், பிபின் ராவத் முப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தபோது, தொழில்நுட்ப, மருத்துவப் பிரிவு வீரர்களின் ஓய்வு வயதை 57 ஆக உயர்த்தும் யோசனை மேசைக்கு வந்தது. துப்பாக்கி ஏந்தி மலையேறுகிறவருக்கு ஒரு கணக்கு, பணிமனையில் ரேடாரைத் திறக்கிறவருக்கு இன்னொரு கணக்கு. எவ்வளவு நியாயமான யோசனை! இரண்டே ஆண்டில் இருவருக்கும் ஒரே நான்கு வருடம் என்றாகிவிட்டது. பயிற்சியும் லீவும் போக, அந்த நான்கில் வேலை கற்க மிஞ்சுவது மூன்று வருடம்கூட இல்லை.

காலாட்படைக்கு இளைஞர்கள் வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். அங்கே குறுகிய பணிக்காலம் பொருந்தலாம், வெளியே வருபவருக்கு எல்லைப் படையில் உறுதியான இடம் இருந்தால். இஎம்இ, சிக்னல்ஸ், விமானப் படை, கடற்படை இன்ஜின் அறை ஆகியவற்றில் 25 சதவீதம் என்ற வரம்பு ஆபத்து. அங்கே மூன்றில் இரண்டு பேரையாவது வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பென்ஷன் ஆகுமே என்றால், ஆகட்டும். 57 வயது வரை வேலை செய்பவருக்குப் பென்ஷன் தரும் ஆண்டுகளும் குறைவுதான்.

அக்னிபத்தில் சேர்ந்த அக்னிவீரர்களின் முதல் அணி 2022 இறுதியிலும் 2023 ஜனவரியிலும் பயிற்சி மையங்களுக்குள் நுழைந்தது. 2026 இறுதியில் அவர்களின் நான்கு வருடம் முடியத் தொடங்கும். அதற்குள் பாதுகாப்பு அமைச்சகம் பிரிவுவாரியாக ஒரு பட்டியலை நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். இன்ஜின் ஃபிட்டர்களில் எத்தனை பேர் தங்குகிறார்கள், ரேடார் டெக்னீஷியன்களில் எத்தனை பேர், டாங்கி மெக்கானிக்குகளில் எத்தனை பேர். வேலூர் மைதானத்துப் பையன் கேட்டதும் அதைத்தான்.