வைகைக் கரையின் கல்லேடுகள்

அருங்காட்சியகம் என்றவுடன் தொலைவிலுள்ள பெருநகரங்களை நினைப்பது நம் வழக்கம். ஆயினும் கடமலைக்குண்டு வழியே ஓடும் வைகையே நமக்கு ஒரு வரலாற்று வழிகாட்டியாகும்.

நமது ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். இவை கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. எழுத்துடை நடுகல்லைச் சங்கப் புலவர்கள் பாடியிருந்தும், அத்துணைப் பழமையான கல் அதுவரை கிட்டவில்லை. அவற்றுள் ஒன்றில் 'ஆகோள்' என்னும் சொல் காணப்படுகிறது. ஆநிரை கவர்தலைக் குறிக்கும் இச்சொல்லைத் தொல்காப்பியமும் ஆள்கின்றது. ஏட்டில் பயின்ற சொல்லுக்கு நம் மண்ணே சான்று தந்தது.

ஆற்றின் போக்கிலேயே சென்றால், மதுரையில் 1959இல் தொடங்கப்பெற்ற காந்தி நினைவு அருங்காட்சியகத்தையும், அதற்கப்பால் 2023இல் திறக்கப்பெற்ற கீழடி அருங்காட்சியகத்தையும் காணலாம்.

எனினும், காட்சிக்கூடம் சேராத சான்றுகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கக்கூடும். எழுத்துள்ள கல், துவைகல்லாகவோ படிக்கல்லாகவோ தேய்ந்து போகலாம். அத்தகைய கற்கள் உள்ள இடங்களைப் பெரியோர் காட்டித் தர வேண்டும். மாணவர்கள் அவற்றைப் பெயர்க்காமலும் சுண்ணாம்பு பூசாமலும் காத்து, ஆசிரியர் வாயிலாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். எழுத்து தேய்ந்தபின் வருந்திப் பயனில்லை; இன்றே தேடுவோம்.