இரு மருந்து, ஒரு குப்பி

சப்பிரகமுவவின் இறப்பர்த் தோட்டங்களில் காலைக் கருக்கலிலேயே பால் வெட்டு தொடங்கிவிடுகின்றது. மங்கிய ஒளியில் சரிவிலே மரத்துக்கு மரம் நடக்கும் தொழிலாளிக்குப் பக்கப் பார்வை இன்றியமையாதது. குளுக்கோமா என்னும் நோய் பெரும்பாலும் அப்பார்வையைத்தான் முதலிற் கவர்கின்றது. வலியில்லை, சிவப்புமில்லை, நேர்ப்பார்வை நெடுநாள் தெளிவாகவே நிற்கும். வேர் தடுக்கி விழுந்தவரும் வயதின்மேற் பழியைப் போட்டுவிட்டு எழுந்து நடப்பார்.

கண்ணினுள் ஒரு நீர் இடையறாது ஊறி, கருவிழியோரத்து நுண்ணிய சல்லடை வழியே வடிகின்றது. வடிகால் தூர்ந்தால் அழுத்தம் ஏறும். அது பொதுவாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரச அளவினுள் நிற்பது. அவ்வளவினுள் நின்றும் நோயுறுவோர் உளர். அழுத்தம் மிகின், பார்வை நரம்பின் இழைகள் மடிகின்றன. கண்புரையை அறுவையால் அகற்றிப் பார்வையை மீட்கலாம். மடிந்த நரம்பை எம்மருந்தும் மீட்பதில்லை. எஞ்சியதைக் காப்பதே மருத்துவம்.

1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிமோலோல் ஊற்றைக் குறைப்பது. 1996இல் வந்த லட்டானோப்ரொஸ்ட் நீர் வெளியேறுவதைப் பெருக்குவது. ஒன்றால் அழுத்தம் தணியாவிடின் இரண்டும் வேண்டும். இரண்டு குப்பிகளாயின், ஒரு துளியின் பின் ஐந்து நிமிடமாவது பொறுத்தல் வேண்டும். இல்லையேல் பின்னது முன்னதைக் கழுவிவிடும். பிரட்டுக்கு ஓடும் வேளையில் அந்த ஐந்து நிமிடம் யாருக்கு உண்டு? இக்குறை தீர்ப்பனவே கூட்டுத் துளிகள். டோர்சோலமைட்டும் டிமோலோலும் கலந்தது 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; நாளுக்கு இருமுறை விடுவது. லட்டானோப்ரொஸ்ட்டும் டிமோலோலும் கலந்ததோ ஒருமுறை.

ஆபத்தும் இங்கேதான் உண்டு. கூட்டுத் துளிகளிற் பெரும்பாலானவற்றில் டிமோலோல் அடங்கியிருக்கின்றது. கண்ணில் விட்ட துளி மூக்கினுள் இறங்கிக் குருதியிற் கலப்பதால், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சையே அடைத்துவிடலாம். நாடி மெதுவானவருக்கு அதை இன்னும் மெதுவாக்கலாம். ஆதலின் இழுப்பு, இதய நோய் இருப்பின் வைத்தியரிடம் மறையாது சொல்லுதல் வேண்டும். ஒருவரின் குப்பியை மற்றொருவருக்குக் கொடுத்தலும் ஆகாது. துளி விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்தினால் உடலுக்குள் இறங்குவது குறையும்.

லட்டானோப்ரொஸ்ட் கலந்த குப்பியைத் திறக்கும்வரை குளிர்ப்பெட்டியில் வைப்பதே வழக்கம். தகரக் கூரை லயத்தில் அது இல்லையெனின், அதனையும் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். டோர்சோலமைட் கூட்டுக்குக் குளிர்ப்பெட்டி வேண்டுவதில்லை.

இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ கிளினிக் சென்றால் ஒரு நாட் சம்பளம் போகும். எனினும் நோயாளியின் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் அவருடன் சென்று கண்ணழுத்தத்தை அளப்பித்துக்கொள்ளுதல் வேண்டும். இந்நோய் வரும் வாய்ப்பு ஏனையோரினும் அவர்களுக்கே மிகுதி.