கருப்பனை அசுரனாக்கி விடாதீர்கள்

நல்லதும் செய்யும், கோபம் வந்தால் அடிக்கவும் செய்யும் தெய்வங்களைத் தேடி வீடியோ கேம் செய்பவர்கள் கிரேக்கத்துக்கும் வட ஐரோப்பிய நாடுகளுக்கும் போகிறார்கள். மேலூர் தாண்டி கொட்டாம்பட்டிப் பக்கம் வந்திருந்தால் கண்மாய்க்கரையிலேயே கிடைத்திருக்கும்.

2020இல் முழுமையாக வெளிவந்த ‘ஹேடிஸ்’ விளையாட்டில், பாதாள லோகத்திலிருந்து தப்பி ஓடுகிறான் ஓர் இளவரசன். வழியில் இரண்டு தெய்வங்கள் ஒரே நேரத்தில் வரம் தர நிற்கும் இடம் உண்டு. ஒன்றை ஏற்றால் மற்றது சினந்து அவன்மேல் ஆட்களை ஏவிவிடும். பிழைத்து நின்றால் அதுவும் வரம் தரும். உலகமே இதை வியந்து ஆடியது. படையல் தவறினால் சீறுவதும், மறுபடி கும்பிட்டால் பிள்ளைபோல் அணைப்பதும் நம் குலசாமிகளுக்குப் புதிதா?

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக மலையாள தேசத்திலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் வந்தார்களாம். கூடவே அவர்களுடைய காவல் தெய்வமும் வந்தது. மந்திரவாதிகள் கொல்லப்பட்டுப் படிகளுக்கு அடியில் புதைக்கப்பட்டார்கள். தெய்வமோ அழகரின் அழகில் சொக்கி அங்கேயே காவலுக்கு நின்றுவிட்டது. அதற்குச் சிலை கிடையாது. சாத்திய கதவுக்குத்தான் சந்தனமும் மாலையும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது, நகைக் கணக்கு இந்தக் கதவின் முன்னால் வாசிக்கப்படுகிறது. களவாட வந்த கூட்டத்தோடு வந்தவரிடமே கணக்கு ஒப்படைப்பு! இப்படி ஒரு பாத்திரத்தை எந்தக் கதாசிரியர் உட்கார்ந்து யோசித்து எழுதிவிட முடியும்?

மதுரைவீரனும் இதே வகைதான்: தண்டனையாக மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவர். இன்று மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாசலில் காவல் இருக்கிறார்.

‘ஹேடிஸ்’ பாதாளம்போல வேற்றுலகம் என்றதும் நமக்குப் பரமபத ஆட்டம் நினைவுக்கு வரும். வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் அந்தக் கட்டத்தில் புண்ணியத்துக்கு ஏணி, பாவத்துக்குப் பாம்பு, உச்சியில் வைகுண்டம். கருப்பனுக்கு அந்தக் கட்டத்தில் இடமே கிடையாது. அவருடைய உலகம் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ஊர் எல்லையில், சாமத்துக்குப் பிறகு தொடங்குகிறது. எல்லைக்குள் அவர் சொல்தான் சட்டம். வேறு ஊருக்குக் குடிபோகிறவர்கள் பிடிமண் எடுத்துப்போய்த்தான் அவரைக் கூட்டிச்செல்ல முடியும்.

இந்தச் சாமியை வீடியோ கேமுக்குள் கொண்டுவந்தால் என்னவாக ஆக்குவார்கள் என்பதுதான் என் பயம். 1974இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் காலத்திலிருந்தே ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்றும், பின்னர் நல்லவர், கெட்டவர் என்றும் பாத்திரங்களுக்கு முத்திரை குத்தும் வழக்கம் இருக்கிறது. 1980இல் அந்த விளையாட்டுக்காக வந்த தெய்வத் தொகுப்பு நூல் இந்தியக் கடவுளரையும் அந்த அடைப்புகளுக்குள் வைத்தது. முறுக்கு மீசை, வீச்சரிவாள், சாராயம், சுருட்டு, கிடாய் ரத்தம். இவற்றை மட்டும் பார்க்கிறவர் கருப்பனைக் கடைசிக் கட்டத்தில் வெட்டி வீழ்த்தவேண்டிய அசுரனாக வரைந்துவிடுவார். இல்லையென்றால் சைவமாக்கி, சிரிக்க வைத்து, அரிவாளைப் பிடுங்கிவிடுவார். 2003இல் தமிழகத்தில் கிடாய் வெட்டத் தடை அமலானது நினைவிருக்கும். அடுத்த ஆண்டே அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. சட்டத்தால் மாற்ற முடியாத சாமியை ஒரு விளையாட்டு மாற்றிவிடும். அதை ஆடி வளரும் பிள்ளைக்கு அதுதான் கருப்பன்.

சாமியை விளையாட்டுப் பொருளாக்குவதே தவறு என்பாரும் உண்டு. அவர்கள் தடுத்தாலும் இது நிற்கப்போவதில்லை. செய்கிறவர்கள் கோடாங்கிகளிடமும் சாமியாடிகளிடமும் கேட்டுச் செய்யட்டும். முதலில் சத்தியத்தைப் பற்றிக் கேட்கட்டும். கருப்பன் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் செய்த சத்தியத்தைத் திரும்பப் பெற முடியாது. பொய்ச் சத்தியம் செய்தவன் வம்சத்தையே அவர் கேட்பார் என்றுதான் அடிதடி வரை போன பங்காளிச் சண்டைகூட அங்கே தீர்கிறது. விளையாட்டிலோ தப்பு செய்தால் ‘சேவ்’ செய்த இடத்துக்குப் போய் மறுபடி தொடங்கலாம். கருப்பன் வரும் விளையாட்டில், சத்தியம் செய்யும் அந்த ஓர் இடத்திலாவது பின்னால் போகும் வசதியை எடுத்துவிடுங்கள்.